எக்ஸ்.ஆர்.எஃப். ரிப்போர்ட் சரி, ஆனால் பட்டன் உடைகிறது: கார்பைடை எங்கே, எப்படிச் சோதிப்பது?

செங்கோட்டு பிட்காரர் | திங்கள், இரவு 9.20

வணக்கம். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குகளுக்கு டி.டி.எச். பிட் (துளைக்குள் இறங்கும் சுத்தியலின் நுனியில் மாட்டிப் பாறையை உடைக்கும் தலை) செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. ஸ்டீல் பாடியில் துளை போட்டு, டங்ஸ்டன் கார்பைடு பட்டன்களைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றித் தருவோம்.

பதினோரு வருடமாக ஒரே இடத்தில் பட்டன் வாங்கினேன். விலை ஏறிப்போனதால் சென்ற மாதம் வேறு ஒருவரிடம் 500 பட்டன் எடுத்தேன். முகப்புக்கு 14 மி.மீ., ஓரத்துக்கு 16 மி.மீ. சர்ட்டிபிகேட்டில் கோபால்ட் 8 சதவீதம், பருமணி (உள்ளே கார்பைடு மணி பெரிசு), கடினம் எச்.ஆர்.ஏ. (ராக்வெல் ஏ அளவு) 87.5 என்று இருக்கிறது. பழைய பட்டனுக்கும் இதே கணக்குதான்.

முதலில் போட்டுக் கொடுத்த மூன்று பிட்டும் திரும்பி வந்துவிட்டன. கோலார் பக்கம் ஓடும் ரிக். முதல் போர்வெல்லிலேயே 350 அடி தாண்டவில்லை, ஓரப் பட்டன்கள் பிளந்து கிடக்கின்றன. தேய்மானமே இல்லை, வெட்டிய பாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கின்றன. பழைய பட்டன் போட்ட பிட் அதே பாறையில் நாலைந்து போர் தாங்கும்.

லேபில் கொடுத்தேன். எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் சோதனை) எடுத்து டங்ஸ்டன் 91.4, கோபால்ட் 8.4, இரும்பு 0.2 என்று ரிப்போர்ட் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு, "சரக்கு சுத்தம், உங்கள் பிரஸ்ஸிங்கைப் பாருங்கள்" என்கிறார் சப்ளையர். ரிக்காரர் என்னைப் பார்க்கிறார். நான் யாரைப் பார்ப்பது?

ஓசூர் ரீகிரைண்ட் | திங்கள், இரவு 9.48

இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது அண்ணே? விலை குறைவு என்றாலே ரீசைக்கிள் சரக்கு. பழைய இன்சர்ட், உடைந்த டிரில் எல்லாவற்றையும் தூளாக்கித் திரும்ப வார்த்திருப்பான். பழைய சப்ளையரிடமே போங்கள்.

தூள் தாத்தா | திங்கள், இரவு 10.35

தம்பி, கார்பைடை யாரும் வார்ப்பதில்லை. தூளை அச்சில் அழுத்தி, 1400 டிகிரி சுற்றில் உலையில் சிண்டர் செய்கிறார்கள். கோபால்ட் மட்டும் உருகிக் கார்பைடு மணிகளைப் பிடித்துக்கொள்கிறது. எள்ளுருண்டையில் எள்ளும் பாகும் மாதிரி. நான் 31 வருடம் ஒரு கார்பைடு ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிட்காரர் தந்த ரிப்போர்ட்டைக் கூட்டிப் பாருங்கள். 91.4, 8.4, 0.2. சரியாக 100 வருகிறது. அப்படியானால் கார்பன் எங்கே?

டங்ஸ்டன் கார்பைடில் எடைக்கு 6.13 சதவீதம் கார்பன். 8 சதவீதம் கோபால்ட் சேர்த்த பட்டனில் மொத்தக் கார்பன் 5.64 பக்கம் இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கிக்குக் கார்பன் தெரியாது. அந்த இலேசான அணுவிலிருந்து வரும் கதிர் அவ்வளவு பலவீனம், காற்றிலும் கருவியின் ஜன்னலிலுமே அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்த தனிமங்களை மட்டும் கூட்டி, அதை 100 என்று வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. கார்பனுக்கு இடம் விட்டுக் கணக்கிட்டால் அந்த 8.4 உண்மையில் 7.9. ஆகக் கோபால்ட் சரி. லேப் பொய் சொல்லவில்லை, உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

கார்பன் ஏன் முக்கியம் என்றால், இந்தப் பொருளில் அதற்கு விடப்பட்ட இடம் மிகக் குறுகல். 5.64ஐச் சுற்றி ஏறத்தாழ 0.1 சதவீத அகலமுள்ள ஒரு சந்து. அதற்கு மேல் போனால் மிஞ்சிய கார்பன் கிராபைட்டாக ஒதுங்கிக் கறுப்புப் புள்ளி வைக்கும். கீழே போனால் ஈட்டா என்று ஒன்று முளைக்கும். டங்ஸ்டன், கோபால்ட், கார்பன் மூன்றும் சேர்ந்த சேர்மம். கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம். அதைவிட மோசம், வளைந்து கொடுக்க வேண்டிய கோபால்ட்டை அது தின்றுவிடும். பாகைத் தின்றுவிட்டால் எள்ளுருண்டை என்னவாகும்?

பிளந்த பட்டன் என்றதும் எனக்கு முதல் சந்தேகம் ஈட்டா. ஆனால் சந்தேகம்தான். உடைந்த முகத்தை ஒரு பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பிளவு எங்கே தொடங்கியது? ஸ்டீல் விளிம்பு மட்டத்தில் என்றால் உங்கள் பிரஸ்ஸிங்கையும் துளை அளவையும் சந்தேகப்பட வேண்டும். தலையில் பாம்புத்தோல் போல் வலைவிரிசல் இருந்தால், நேரத்துக்குக் கிரைண்டிங் செய்யாமல் ஓட்டிச் சூட்டில் களைத்த பட்டன். இரண்டும் இல்லாமல் உள்ளே ஒரு புள்ளியிலிருந்து விசிறி விரிந்த மாதிரி இருந்தால் பொருளுக்குள்தான் குறை.

ஓசூர் ரீகிரைண்ட் | செவ்வாய், காலை 7.05

ஐயா, வார்த்தை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரீசைக்கிள் மோசம் என்பது அனுபவம்.

தூள் தாத்தா | செவ்வாய், காலை 7.40

எல்லா ரீசைக்கிளும் மோசமில்லை தம்பி. துத்தநாக முறை என்று ஒன்று உண்டு. உருகிய துத்தநாகத்தில் ஸ்கிராப்பை ஊறவைத்தால் அது கோபால்ட்டோடு கலந்து ஊதிப்போகும். பிறகு வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது உதிரும் பஞ்சு மாதிரி. போட்ட கலவை அப்படியே திரும்பக் கிடைக்கும். போட்டது ஒரே ரகமாக இருந்தால் நல்ல தூள், வெட்டும் இன்சர்ட்டையும் கலந்து போட்டால் டைட்டானியம், டான்டலம் எல்லாம் கூட வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எக்ஸ்.ஆர்.எஃப். கெட்டிக்காரக் கருவி. இந்த ரிப்போர்ட்டில் இரண்டும் இல்லை. உங்கள் அனுபவத்தைத் தள்ளவில்லை, இந்தக் கேஸுக்கு அது பொருந்தவில்லை.

செங்கோட்டு பிட்காரர் | செவ்வாய், மதியம் 1.15

ஐயா, லென்ஸில் பார்த்தேன். வலைவிரிசல் இல்லை. ஏழு உடைந்த பட்டனில் ஐந்தில் நீங்கள் சொன்ன விசிறி தெரிகிறது. இரண்டில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அவற்றின் மீதித் துண்டு ஸ்டீலுக்குள் மாட்டியிருக்கிறது. அப்படியானால் கார்பன் டெஸ்ட் கொடுத்துவிடட்டுமா?

பாலிஷ் பேப்பர் | செவ்வாய், மாலை 6.30

கோவையில் மெட்டலோகிராபி லேபில் வேலை செய்கிறேன். கார்பன் டெஸ்ட் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை.

கார்பன் அனலைசரில் சாம்பிளை ஆக்சிஜனில் எரித்து, வரும் கார்பன் டைஆக்சைடை அகச்சிவப்பில் அளப்போம். ஸ்டீல் சாம்பிளுக்கு எரிய உதவியாக நாங்கள் போடுவதே டங்ஸ்டன் துகள்தான். அதனால் கார்பைடு எரிவதில் சிக்கல் இல்லை. சிக்கல் அதற்கு முன்னால். பட்டனைத் தூளாக்க வேண்டுமே! ஸ்டீல் உரலில் இடித்தால் உரல் தேய்ந்து இரும்பு கலக்கும். காந்தம் வைத்து இரும்பை எடுக்கலாம் என்றால், கோபால்ட் இருப்பதால் சாம்பிளே காந்தத்தோடு வந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் அப்படி வைத்து, மொத்தச் சாம்பிளும் காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டது. சீனியர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சாம்பிளை வைத்து எரிக்கும் பீங்கான் குகையை (சின்னக் கிண்ணம்) முன்னாலேயே 1000 டிகிரிக்கு மேல் சுட்டு வைக்காவிட்டால் அதில் ஒட்டிய தூசியின் கார்பனும் கணக்கில் ஏறும். எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டாம் தசமம் ஆடும். 0.1 அகலச் சந்தில் அந்த ஆட்டம் பெரிசு. பட்டனில் கார்பன் குறைவா என்று தெரிய நான் முதலில் காந்தச் செறிவும் நுண்நோக்கியும்தான் சொல்வேன். தாத்தா திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று, தூளாக்குவதை யாரும் பட்டறையில் முயல வேண்டாம். கோபால்ட்டும் கார்பைடும் சேர்ந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். 2006ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் சேர்க்கையை 2ஏ பிரிவில் போட்டது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற பட்டியல். உலர் கிரைண்டிங் செய்கிறவர்களும் இதைப் படித்தால் நல்லது. ஓசூர் அண்ணனைத்தான் சொல்கிறேன்.

ஓசூர் ரீகிரைண்ட் | செவ்வாய், மாலை 6.52

கூலன்ட் போட்டுத்தான் ஓட்டுகிறேன் தாயே.

தூள் தாத்தா | செவ்வாய், இரவு 9.10

திருத்த ஒன்றுமில்லை அம்மா.

காந்தச் செறிவு எப்படி வேலை செய்கிறது என்று பிட்காரருக்குச் சொல்கிறேன். பட்டனில் காந்தம் இழுப்பது கோபால்ட்டை மட்டும். கார்பன் குறைந்தால் கோபால்ட்டுக்குள் டங்ஸ்டன் அதிகமாகக் கரையும், கோபால்ட்டின் காந்த பலம் குறையும். ஈட்டா உண்டானால் கோபால்ட்டே அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், இன்னும் குறையும். சுத்தக் கோபால்ட் ஒரு கிராமுக்கு 202 யூனிட் என்றால் 8 சதவீதப் பட்டன் ஏறத்தாழ 16 காட்ட வேண்டும். 15 காட்டினால் 93 சதவீதச் செறிவு, மகிழ்ச்சி. 11 காட்டினால் 68 சதவீதம், ஈட்டா இருக்கிறது என்று நுண்நோக்கி வைக்காமலே சொல்லிவிடலாம். பட்டனை உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். கருவிக்குள் போட்டு வெளியே எடுத்தால் எண் வந்துவிடும். ஆனால் கோபால்ட் எத்தனை சதவீதம் என்று சரியாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதற்கு உங்கள் எக்ஸ்.ஆர்.எஃப். ரிப்போர்ட் இப்போது உதவுகிறது. காசு வீணில்லை.

கூடவே கோயர்சிவிட்டியும் (ஏறிய காந்தத்தை நீக்க எவ்வளவு எதிர்க்காந்தம் வேண்டும் என்ற எண்) கேளுங்கள். கார்பைடு மணி பொடியாக இருந்தால் இடையில் கோபால்ட் படலம் மெலிசு, அந்த எண் ஏறும். மில்லிங் கட்டருக்கான மைக்ரோ கிரெயின் ரகம் 20 கிலோ ஆம்பியர்/மீட்டர் பக்கம் காட்டும், பாறைக்கான பருமணி அதில் பாதிகூட வராமல் நிற்கலாம். பருமணி என்று விற்றுப் பொடிமணி கொடுத்திருந்தால் அதுவும் அங்கே அகப்படும்.

அதுவரை நீங்களே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அடர்த்தி. அதற்கு ஒரு நல்ல தராசு போதும்.

குவைத் குப்புசாமி | செவ்வாய், இரவு 11.02

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் பம்புகளில் மெக்கானிகல் சீல் வளையமும் டங்ஸ்டன் கார்பைடுதான். அதற்கும் இந்தக் காந்த முறை ஆகுமா?

தூள் தாத்தா | புதன், காலை 6.20

உப்புநீர், ரசாயனம் ஓடும் சீல் என்றால் பெரும்பாலும் கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல் போட்டிருப்பார்கள். அதில் காந்தம் சரியாக ஒட்டவே ஒட்டாது, இந்தக் கணக்கும் ஓடாது. அங்கே நுண்நோக்கிதான் கதி.

செங்கோட்டு பிட்காரர் | புதன், இரவு 8.45

அடர்த்தி பார்த்துவிட்டேன். எங்கள் தெரு ஆசாரி கடையில் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. தங்கத்தைக் கொண்டுவருவேன் என்று அவர் எதிர்பார்க்க, நான் கருத்த பட்டனைத் துணியில் கட்டிக்கொண்டு போனேன். தராசுக்கு மேலே பலகை வைத்து அதில் டம்ளர் தண்ணீர், தூண்டில் நரம்பில் பட்டனைக் கட்டி உள்ளே தொங்கவிட்டோம். முதல் தடவை பட்டனில் குமிழி ஒட்டிக்கொண்டு எண் நிற்காமல் ஆடியது. ஆசாரி தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டார், குமிழி போய்விட்டது. அவருக்கு இது பழகிய வேலை.

14 மி.மீ. பட்டன் காற்றில் 39.874 கிராம், தண்ணீரில் 37.181. வித்தியாசம் 2.693. வகுத்தால் 14.81 வருகிறது. பன்னிரண்டு பட்டன் பார்த்தோம், எல்லாம் 14.79க்கும் 14.82க்கும் நடுவில். சர்ட்டிபிகேட்டில் 14.7 என்று இருக்கிறது. அடர்த்தி அதிகம் என்றால் கோபால்ட் குறைவு என்றுதானே அர்த்தம்? சப்ளையர் மாட்டிக்கொண்டாரா?

தூள் தாத்தா | புதன், இரவு 9.30

அவசரப்படாதீர்கள். தண்ணீர் என்ன சூடு?

செங்கோட்டு பிட்காரர் | புதன், இரவு 9.34

தொட்டித் தண்ணீர். மாலை நேரம். 30 இருக்கும் ஐயா.

தூள் தாத்தா | புதன், இரவு 9.50

30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி ஒன்று இல்லை, 0.9957. உங்கள் 14.81ஐ அதால் பெருக்குங்கள். 14.74. எட்டு சதவீதக் கோபால்ட்டுக்குக் கணக்குப்படி வரவேண்டிய எண்ணும் 14.74தான்! ஆசாரிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நல்ல கை.

அதாவது கோபால்ட் சரி, உள்ளே பெரிய ஓட்டை ஒடிசலும் இல்லை. ஆனால் அடர்த்தியில் ஈட்டா தெரியாது. இருந்தால் எண் ஒரு துளி கூடத்தான் செய்யும், குறையாது. இன்னும் முடியவில்லை.

லேத்து பையன் | வியாழன், காலை 10.10

டிப்ளமோ இரண்டாம் வருடம். ஒரு கேள்வி. கடினம் 87.5 என்று சர்ட்டிபிகேட் இருக்கிறதே, அதைச் சரிபார்த்தால் போதாதா? அப்புறம் எங்கள் பட்டறையில் இதை விடியா டிப் என்றுதான் சொல்வார்கள். அது ஏன்?

பாலிஷ் பேப்பர் | வியாழன், மதியம் 2.00

கடினம் வேறு, உடையாமல் தாங்குவது வேறு தம்பி. ஈட்டா உள்ள பட்டனில் எச்.ஆர்.ஏ. குறையாது, சில சமயம் அரைப் புள்ளி கூடும். தாங்கும் திறன் தெரிய வேண்டுமென்றால் விக்கர்ஸில் (வைர முனையால் அழுத்தும் கடினச் சோதனை) 30 கிலோ பாரம் வைத்து, பள்ளத்தின் நான்கு மூலையிலிருந்து ஓடும் விரிசல் நீளத்தை அளப்போம். பாம்க்விஸ்ட் முறை, ஐ.எஸ்.ஓ. 28079. விரிசல் நீண்டால் பொருள் நொய்ந்தது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கிரைண்டிங் செய்த மேல்தோலில் அழுத்தம் மிச்சமிருந்தால் விரிசல் குட்டையாக ஓடி, மோசமான பட்டனும் நல்லதாகத் தெரியும். வைரப் பேஸ்டில் அந்தத் தோலை நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஓசூர் ரீகிரைண்ட் | வியாழன், மாலை 5.30

விடியா கதை எனக்குத் தெரியும். 1923ல் பெர்லினில் ஆஸ்ரம் பல்பு கம்பெனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் கார்பைடையும் உலோகத்தையும் சேர்த்துச் செய்ததற்குக் காப்புரிமை போட்டார். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை இழுக்க வைரத் துளை அச்சுதான் இருந்தது, அதற்கு மாற்றுத் தேடியது. பிறகு குருப் கம்பெனி வாங்கி விடியா என்று பெயர் வைத்தது. ஜெர்மனில் 'வைரம் மாதிரி' என்பதன் சுருக்கம். நம் ஊரில் கம்பெனிப் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. பிட்காரர் அண்ணனுக்குத்தான் பெயர்ப் பொருத்தம், விடியா பட்டன் வாங்கி ஒரு மாதமாக விடியவில்லை.

செங்கோட்டு பிட்காரர் | வியாழன், இரவு 8.20

சிரிங்க தம்பி, சிரிங்க.

மேடம், பட்டன்களை உங்கள் ஊர் லேபுக்கு அனுப்புகிறேன். எத்தனை அனுப்ப வேண்டும்?

பாலிஷ் பேப்பர் | வியாழன், இரவு 8.55

உடைந்தது மூன்று, புதிதில் உடையாதது மூன்று, பழைய சப்ளையரின் நல்ல பட்டன் இரண்டு. இந்தப் பழைய இரண்டும் கட்டாயம். ஒப்பிட ஆள் இல்லாமல் தனி எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. எது எந்தப் பட்டன் என்று லேபுக்குச் சொல்லாதீர்கள், 1 முதல் 8 வரை நம்பர் மட்டும் போடுங்கள்.

என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று தனிப் பட்டியல் இருக்கும். ஸ்டீலுக்கு மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். பட்டியலில் ஹார்ட்மெட்டல் (இந்தக் கார்பைடுக்கு இன்னொரு பெயர்) இருக்கிறதா, அதை நுண்நோக்கியில் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 4499 இருக்கிறதா என்று கேளுங்கள்.

செங்கோட்டு பிட்காரர் | அடுத்த வாரம் வெள்ளி, மாலை 7.10

ரிப்போர்ட் வந்துவிட்டது. காந்தச் செறிவு, சதவீதத்தில்:

பழைய பட்டன் இரண்டும் 92, 93.
உடைந்த மூன்று: 66, 69, 67.
புதிதில் உடையாத மூன்று: 71, 70, 90.

நுண்நோக்கிப் படமும் அனுப்பியிருக்கிறார்கள். பழையதில் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக ஒரே சீர். உடைந்ததில் அங்கங்கே பழுப்புத் திட்டு, பூ விரிந்த மாதிரி. இதுதான் ஈட்டாவா? மேடம், படத்துக்குக் கீழே 'முரகாமி 4 விநாடி' என்று எழுதியிருக்கிறது, ஏதோ ஜப்பான்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என்று என் மச்சான் சொல்கிறான்.

பாலிஷ் பேப்பர் | வெள்ளி, மாலை 7.40

முரகாமி என்பது கரைசலின் பெயர் அண்ணா! பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி. (அமிலம் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது, சயனைடு வாயு வரும்.) மூன்று நான்கு விநாடி தொட்டு எடுத்தால் ஈட்டாவை மட்டும் கடித்துப் பழுப்பாக்கும். கார்பைடு மணிகளின் எல்லை தெரிய இன்னும் சில நிமிடம் வேண்டும். அதற்கு முன்னால் பாலிஷ் செய்வதற்கே அரை நாள் போயிருக்கும். ஸ்டீலுக்குத் தேய்க்கும் பேப்பர் இதில் ஏறாது, பேப்பர்தான் தேயும். வைரத் தட்டு, பிறகு 6, 3, 1 மைக்ரான் பேஸ்ட்.

நீங்கள் பார்த்த பழுப்புப் பூதான் ஈட்டா. சந்தேகமே இல்லை.

தூள் தாத்தா | வெள்ளி, இரவு 9.00

அந்த 90தான் என் கண்ணில் படுகிறது. ஒரே லாட்டில் 66ம் 90ம் எப்படி? தூளே கார்பன் குறைவாக வந்திருந்தால் எல்லாம் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். இரண்டு லாட்டைக் கலந்து ஒரே சர்ட்டிபிகேட்டில் அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் உலைக்குள் இடத்துக்கு இடம் வித்தியாசம். ஒரு தட்டில் இருந்த பட்டன்களுக்கு மட்டும் ஈரம் பட்டிருந்தால் அந்த ஆக்சிஜன் உலையில் கார்பனையும் கூட்டிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத தூள் டப்பா ஒன்றால் ஒரு முழுத் தட்டு போன கதை எங்கள் ஆலையிலும் நடந்தது. அன்றைக்கு ஷிப்ட்டில் இருந்தது நான்தான், விட்டுவிடுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். மிச்சப் பட்டன் மொத்தத்தையும் காந்தத்தில் பார்த்தால் நல்லதைப் பிரித்து எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்கள், கட்டுமா என்று நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

செங்கோட்டு பிட்காரர் | அதற்கடுத்த வாரம் சனி, காலை 11.30

கட்டாது ஐயா.

சப்ளையரிடம் ரிப்போர்ட்டை அனுப்பினேன். காலையில் "உங்கள் பிரஸ்ஸிங்" என்றவர், மாலையில் "உலைக்காரரிடம் கேட்கிறேன்" என்றார். நேற்று, உடைந்த மூன்று பிட்டுக்கான பட்டனை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறார். ஸ்டீல் பாடி, ரிக் நின்ற நாள் எல்லாம் என் தலையில். பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆர்டருக்கு பர்ச்சேஸ் ஆர்டரில் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

பாலிஷ் பேப்பர் | சனி, மதியம் 12.15

காந்தச் செறிவு 80 முதல் 95, ஈட்டா கூடாது, துளைத்தன்மை ஏ02 பி00 சி00. ஏ என்பது 10 மைக்ரானுக்குக் குறைந்த துளை, பி அதற்குப் பெரியது, சி என்பது கிராபைட், பின்னால் வரும் எண் அதன் அளவு. கோயர்சிவிட்டிக்கு உங்கள் பழைய நல்ல பட்டனின் எண்ணையே இலக்காக வையுங்கள். அடர்த்தியும் கடினமும் ஏற்கனவே இருப்பது இருக்கட்டும். எல்லா எண்ணும் லாட் வாரியாக வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள், அதுதான் முக்கியம்.

ஓசூர் ரீகிரைண்ட் | சனி, மதியம் 1.40

அண்ணே, மீதிப் பட்டனை ஸ்கிராப்புக்குப் போடுகிறீர்களா? எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் நல்ல விலை தருவார்.

செங்கோட்டு பிட்காரர் | ஞாயிறு, மாலை 6.00

உங்கள் ஆள் இன்று வந்தார் தம்பி. பையிலிருந்து அதே எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கியை எடுத்து நாலு பட்டனில் வைத்துப் பார்த்தார். "எட்டுப் பர்சன்ட், சுத்தமான சரக்குங்கண்ணா, இதையா ஸ்கிராப்பில் போடுறீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை, எடை போடச் சொன்னேன்.